பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு: வேதத்தில் உலோகங்களுக்கு நிலையான பொருள் உண்டா?

உங்கள் சபையின் வேதபாட வகுப்பில் ஓர் அட்டவணை கொடுத்திருக்கிறார்கள். பொன் என்றால் தெய்வத்தன்மை, வெள்ளி என்றால் மீட்பு, வெண்கலம் என்றால் நியாயத்தீர்ப்பு, இரும்பு என்றால் வல்லமை. இது வேதத்திலேயே இருக்கிறதா, யூதர்களும் இப்படித்தான் வாசிக்கிறார்களா, தானியேல் விளக்கிய சிலையின் உலோகங்களுக்கும் இதே பொருள்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றுக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்: வேதத்தில் எங்கே ஓர் உலோகத்தின் பெயர் வந்தாலும் பக்கத்தில் ஒரு பொருளை எழுதிக்கொண்டு மேலே படித்துப் போகலாமா?

அப்படிப் படிக்க முடியாது என்பதுதான் என் பதில். அதற்காக அட்டவணையைக் கிழித்துப் போடவும் வேண்டாம். வெள்ளி வரிக்கு வேதத்திலேயே உறுதியான ஆதாரம் இருக்கிறது. வெண்கல வரிக்குப் பாதி ஆதாரம் உண்டு. பொன் வரியும் இரும்பு வரியும் பெரும்பாலும் பிற்காலத்தார் வாசிப்பு. நான் இறையியல் பட்டம் பெற்றவன் அல்ல. தங்கம், வெள்ளியின் மாற்று, அதாவது சுத்த அளவு, பார்க்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, எங்கள் சபையில் பல வருடங்களாகப் பழைய ஏற்பாட்டு வகுப்பு எடுத்து வருகிறேன். ஆகவே உலைக்குப் பக்கத்தில் நிற்பவனின் கண்ணோடு இந்த வசனங்களைப் படிக்கும் பழக்கம் உண்டு. யூத மரபைப் பற்றி இங்கே சொல்வதெல்லாம் மொழிபெயர்ப்பு வழியே படித்தவை. ஒரு ரபி இதைவிட நுணுக்கமாகச் சொல்லக்கூடும்.

முதலில் ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். லேவியராகமம் 26:19-ஐயும் உபாகமம் 28:23-ஐயும் அடுத்தடுத்து வாசியுங்கள். கீழ்ப்படியாமல் போனால் மழை நின்றுபோகும் என்ற அதே சாபம்தான் இரண்டு இடத்திலும் வருகிறது. லேவியராகமத்தில் வானம் இரும்பு, பூமி வெண்கலம். உபாகமத்தில் வானம் வெண்கலம், பூமி இரும்பு. இரண்டு உலோகமும் இடம் மாறிவிட்டன, சாபம் மாறவில்லை. ஒவ்வொரு உலோகத்துக்கும் தனித்தனியாக ஒரு மறைபொருள் இருந்திருந்தால் இப்படி மாற்றிப் போட்டிருக்க முடியாது. இங்கே வேலை செய்வது உலோகத்தின் குணம்: கெட்டியானது, தண்ணீர் கசியாது, விதை முளைக்காது. இதை ஒரு வழிகாட்டியாக வைத்துக்கொண்டால் மற்ற இடங்களும் தெளிவாகும். அந்த உலோகம் அங்கே என்ன வேலை செய்கிறது, எங்கே வைக்கப்பட்டிருக்கிறது, யாரிடமிருந்து வந்தது என்று கேட்டால் பொருள் தானே கிடைக்கும்.

இப்படிக் கேட்க மிகச் செழிப்பான இடம் யாத்திராகமம் 25 முதல் 40 வரை, இஸ்ரவேலர் வனாந்தரத்தில் சுமந்து சென்ற வழிபாட்டுக் கூடாரமாகிய ஆசரிப்புக் கூடாரத்தைப் பற்றிய அதிகாரங்கள். பலர் சலிப்போடு புரட்டிவிட்டுப் போகும் பக்கங்கள். உள்ளேயிருந்து வெளியே நடந்து வந்து பாருங்கள். மகா பரிசுத்த ஸ்தலத்தில் உடன்படிக்கைப் பெட்டி: சீத்திம் மரம், உள்ளும் புறமும் பசும்பொன் தகடு. மேலே அதன் மூடியான கிருபாசனம், அது முழுக்கப் பசும்பொன். திரைக்கு இந்தப் பக்கம் குத்துவிளக்கு: ஒரே தாலந்துப் பொன்னில், ஒட்டு வைக்காமல், அடிப்பு வேலையாகச் செய்தது. ஒரு தாலந்து என்பது சுமார் 34 கிலோ. சுவர்ப் பலகைகளுக்கும் பொன் தகடு, ஆனால் அவை நிற்பது வெள்ளிப் பாதங்களின் மேல். உள் திரையின் நான்கு தூண்களுக்கும் பாதம் வெள்ளி. வாசல் தொங்குதிரைக்கு வந்தால் ஐந்து தூண்கள், மேலே பொன் தகடு, பாதம் மட்டும் வெண்கலம் (26:37). அந்த வாசலைத் தாண்டிப் பிராகாரத்துக்கு வந்துவிட்டால் பாதங்கள், முளைகள், பலிபீடம், தொட்டி எல்லாமே வெண்கலம். தூண்களின் கொக்கியிலும் பூணிலும் மட்டும் கொஞ்சம் வெள்ளி மிச்சமிருக்கிறது.

அந்த ஐந்து தூண்களை நான் வகுப்பில் நிறுத்தி நிதானமாகக் காட்டுவதுண்டு. தலை உள்ளே இருக்கும் இடத்தின் உலோகம், கால் வெளியே இருக்கும் இடத்தின் உலோகம். எல்லைக்கோட்டில் நிற்கும் தூண் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமாக இருக்கிறது. கடவுளின் சந்நிதிக்கு எவ்வளவு அருகில் என்பதை இந்தக் கட்டடம் உலோகத்தால் சொல்கிறது. இதை எந்த வசனமும் வாய்விட்டு விளக்கவில்லை, என்றாலும் அமைப்பு தற்செயலாக வந்ததாக இருக்க முடியாது. யூத அறிஞர்களும் கிறிஸ்தவ அறிஞர்களும் இதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். ஆகவே கூடாரத்தில் பொன்னுக்கு ஒரு பொருள் சொல்லியே ஆக வேண்டும் என்றால், சந்நிதியின் நெருக்கம் என்று சொல்வேன். அதைத் தெய்வத்தன்மை என்று மாற்றும்போது ஒரு படி தாண்டிவிடுகிறோம். பெட்டியின் மரம் கிறிஸ்துவின் மனிதத் தன்மை, மேலே போர்த்திய பொன் அவருடைய தெய்வத் தன்மை என்பது பக்தியான வாசிப்பு, சபையில் நெடுங்காலமாக உள்ளது. அது கிறிஸ்துவை முன்பே அறிந்தவர்கள் பின்னோக்கிப் பார்த்து வாசித்தது. யாத்திராகமம் தன் வாயால் சொன்னது அல்ல.

இனி வெள்ளி. உங்கள் அட்டவணையில் எனக்கு முழுச் சம்மதம் உள்ள வரி இதுதான். யாத்திராகமம் 30:11-16 படித்தால் இருபது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆணும் அரைச் சேக்கல் வெள்ளி கொடுக்க வேண்டும் (சேக்கல் என்பது ஓர் எடை அளவு). ஐசுவரியவான் அதற்கு மேல் கொடுக்கவும் கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கவும் கூடாது. அந்தப் பணம் அவரவர் ஆத்துமாவுக்கான மீட்கும்பொருள் என்று வசனமே பெயர் வைக்கிறது. அதற்குப் பிறகு 38-ஆம் அதிகாரம் கணக்கு ஒப்புவிக்கிறது. எண்ணப்பட்டவர்கள் 6,03,550 பேர். தலைக்கு அரைச் சேக்கல் என்றால் 3,01,775 சேக்கல். தாலந்துக்கு 3,000 சேக்கல் வீதம் அது 100 தாலந்தும் 1,775 சேக்கலும். அந்த 100 தாலந்தில் 100 பாதங்கள் வார்க்கப்பட்டன, மிச்சத்தில் தூண்களுக்குக் கொக்கிகளும் பூண்களும். கணக்கு ஒரு சேக்கல்கூடப் பிசகவில்லை. அதாவது கூடாரத்தின் பொன் சுவர்கள் நிற்கும் அஸ்திபாரம், மக்கள் தங்கள் உயிருக்காகச் செலுத்திய வெள்ளி. பணக்காரன் வெள்ளி, ஏழை வெள்ளி என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி உருகிக் கலந்த வெள்ளி. இந்தப் பொருளைக் கண்டுபிடிக்க எந்த அட்டவணையும் தேவையில்லை, வசனத்திலேயே இருக்கிறது. யூத மரபில் இந்த இழை இன்றும் அறுபடவில்லை. முதற்பேறான ஆண் குழந்தையை எண்ணாகமம் 18:16-இன்படி ஐந்து சேக்கலுக்கு மீட்கும் சடங்கில் ஆசாரிய வம்சத்தாரிடம் ஐந்து வெள்ளிக் காசுகளைக் கொடுக்கிறார்கள்.

அதே வெள்ளியின் இன்னொரு முகமும் வேதத்தில் கூடவே வருகிறது. யோசேப்பை விற்ற விலை 20 வெள்ளிக்காசு. மாடு முட்டிக் கொன்ற அடிமைக்காக அவன் எஜமானுக்குக் கொடுக்க வேண்டியது 30 சேக்கல் (யாத்திராகமம் 21:32). சகரியா 11-இல் மேய்ப்பனுக்குக் கொடுத்த கூலி 30 வெள்ளிக்காசு. அது எவ்வளவு மட்டமான மதிப்பு என்று கசப்போடு சொல்லப்படுகிறது. மத்தேயு அதை எடுத்து யூதாசின் கையில் வைக்கிறார். முதல் நூற்றாண்டு எருசலேமில் ஆலய வரிக்கு ஏற்ற காசாக இருந்தது தீரு பட்டணத்து வெள்ளி. 14 கிராம் அளவு எடை, நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சுத்த வெள்ளி. ஒரு பக்கம் மெல்கார்த் என்ற புறஜாதித் தெய்வத்தின் தலை, மறுபக்கம் கழுகு. விக்கிரக உருவத்தை அருவருத்த ஆலயமே இந்தக் காசை ஏற்றுக்கொண்டது, ஏனென்றால் அதன் மாற்றை நம்ப முடிந்தது. மாற்றுப் பார்ப்பவனாக இந்த விவரம் என்னை எப்போதும் தொடும். யூதாஸ் வாங்கியதும் இந்தக் காசாகத்தான் இருக்க வேண்டும் என்று பலர் கருதுகிறார்கள். மத்தேயு காசின் வகையைச் சொல்லவில்லை, ஆகவே அதை அனுமானம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 1 பேதுரு 1:18, அழிவுள்ள வெள்ளியினாலும் பொன்னினாலும் நீங்கள் மீட்கப்படவில்லை என்கிறது. வெள்ளி என்றால் மீட்பு என்று தெரிந்த வாசகர்களிடம் பேசும்போதுதான் இந்த மறுப்புக்கு முழு வலு வருகிறது.

பொன்னைப் பற்றி அட்டவணை சொல்வதை ஏற்கத் தயங்குகிறேன், காரணம் யாத்திராகமம் 32. மக்கள் வணங்கிய கன்றுக்குட்டி செய்யப்பட்டது காதணிப் பொன்னில். மூன்று அதிகாரம் தாண்டி 35:22-இல் கூடாரத்துக்கு வரும் காணிக்கையிலும் காதணிகள். ஒரே மக்கள், ஒரே நகைகள். ஒன்று விக்கிரகமானது, இன்னொன்று கிருபாசனமானது. இந்த அருகாமையை யூத ஆசிரியர்கள் ஒருபோதும் மறக்கவில்லை. பாவநிவாரண நாளில் பிரதான ஆசாரியன் பொன் வேலைப்பாடு செய்த உடைகளைக் களைந்துவிட்டு வெறும் சணல் நூல் உடையோடு மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் போக வேண்டும் (லேவியராகமம் 16:4). ஏன் என்ற கேள்விக்கு யூத ரபிகளின் பழைய போதனைத் தொகுப்பான தல்மூத் சொல்லும் பதில்: குற்றம் சாட்டியவன் பரிந்து பேசுகிறவனாக முடியாது. கன்றுக்குட்டியின் பொன்னை உடம்பில் அணிந்துகொண்டு அந்த மக்களுக்காக மன்னிப்புக் கேட்க உள்ளே போகக் கூடாது. பொன் என்றாலே தெய்வத்தன்மை என்று வைத்துக்கொண்டால் இந்த ஆழமான வாசிப்புக்கு இடமே இல்லாமல் போகும்.

கிறிஸ்தவ மரபுக்குள்ளேயே பார்த்தாலும் பொன்னுக்கு ஒரே பொருள் இல்லை. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் சபைப் பிதா இரேனியு, குழந்தை இயேசுவுக்குச் சாஸ்திரிகள் கொண்டுவந்த காணிக்கைகளை விளக்கும்போது வெள்ளைப்போளம் மரிக்கப்போகிறவருக்கு, பொன் ராஜாவுக்கு, தூபவர்க்கம் கடவுளுக்கு என்கிறார். அவர் வாசிப்பில் பொன் அரசாட்சியைக் காட்டுகிறது, தெய்வத்தன்மை தூபவர்க்கத்தின் பங்கு. இன்று பல சபைகளிலும் கிறிஸ்துமஸ் பிரசங்கம் இதைத்தான் சொல்கிறது. பிறகு தை மாதத்தில் கூடாரப் பாடம் எடுக்கும்போது பொன் தெய்வத்தன்மையாகிவிடுகிறது. இரண்டையும் கேட்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளை குழம்புவதில் வியப்பில்லை. யாக்கோபு 5:3-ஐயும் பாருங்கள். உங்கள் பொன்னும் வெள்ளியும் துருப்பிடித்தது என்கிறார். பொன் துருப்பிடிக்காது என்பது அந்தக் காலத்தில் எந்தத் தட்டானுக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறார்: கூலிக்காரனுக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி, துருப்பிடிக்காத உலோகத்தையும் துருப்பிடிக்க வைக்கும்.

வெண்கலத்துக்கு வருவோம். தமிழ் வேதாகமத்தில் வெண்கலம் என்று இருக்கும் இடங்களில் செம்பையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பழங்காலத்தில் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தார்கள். நியாயத்தீர்ப்பு என்பதற்கு ஆதாரமாகப் பலிபீடத்தையும் எண்ணாகமம் 21-இன் சர்ப்பத்தையும் காட்டுவார்கள். இவற்றைவிட வலுவான ஆதாரம் எண்ணாகமம் 16-இல் இருக்கிறது. மோசேக்கு எதிராக எழும்பிய கோராகின் கூட்டத்தார் அக்கினியில் மாண்ட பிறகு அவர்களுடைய வெண்கலத் தூபகலசங்களைத் தட்டித் தகடாக்கிப் பலிபீடத்துக்கு மூடியாக்கினார்கள், அது இஸ்ரவேலுக்கு ஓர் அடையாளம் என்று வசனம் சொல்கிறது. இங்கே வெண்கலம் எச்சரிக்கையாகவே நிற்கிறது. ஆனால் பலிபீடத்திலிருந்து நாலு எட்டு நடந்தால் தொட்டி. அது கூடார வாசலில் ஊழியம் செய்த பெண்களின் முகம் பார்க்கும் கண்ணாடிகளில் செய்யப்பட்டது (38:8). அந்தக் காலத்துக் கண்ணாடி என்பது மெருகேற்றிய செம்புத் தகடு. அதில் நியாயத்தீர்ப்பு எங்கே இருக்கிறது? பெண்கள் தங்கள் கையிலிருந்த அருமையான பொருளைக் கொடுத்தார்கள், ஆசாரியர்கள் அதில் கை கால் கழுவினார்கள். இடைக்கால யூத உரையாசிரியர் ராஷியின் உரையில் இடம்பெறும் பழைய யூத விளக்கம் ஒன்று, இந்தக் கண்ணாடிகளை வாங்க மோசே தயங்கினார் என்றும், மற்ற எதையும்விட இவையே எனக்குப் பிரியம் என்று கடவுள் சொன்னார் என்றும் கூறுகிறது. எகிப்தில் அடிமை வேலையால் துவண்டுபோன கணவர்களைத் தேற்றி, குடும்பம் தழைக்கச் செய்தது இந்தக் கண்ணாடிகள்தான் என்பது அதற்குக் காரணம்.

வெண்கலச் சர்ப்பத்தின் கதையும் ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. பாம்பு கடித்தவனைப் பிழைக்க வைத்த அதே சர்ப்பத்துக்கு மக்கள் தூபம் காட்டத் தொடங்கியதும் எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார் (2 இராஜாக்கள் 18:4). யோவான் 3:14 அதை மீண்டும் எடுத்து, உயர்த்தப்படும் மனுஷகுமாரனுக்கு ஒப்பாக வைக்கிறது. நிவாரணம், விக்கிரகம், சிலுவையின் முன்னடையாளம் என்று ஒரே பொருளுக்கு மூன்று நிலைகள். எலாத் வளைகுடாவுக்கு வடக்கே திம்னா என்ற பழைய செம்புச் சுரங்கப் பகுதியில், 1969-இல் ஒரு சிறு கோயிலைத் தோண்டியபோது தலையில் பொன் பூசிய செம்புப் பாம்பு ஒன்று கிடைத்தது, ஒரு சாண் நீளம்கூட இல்லை. இதையே மோசேயின் சர்ப்பம் என்று பகிர்கிறவர்கள் இருக்கிறார்கள், அதற்கு எந்தச் சான்றும் இல்லை. அந்த வட்டாரத்தில் செம்பில் பாம்பு உருவம் செய்யும் வழக்கம் இருந்தது என்பது மட்டுமே உறுதி. வெண்கலம் தாழ்வைக் காட்டும் இடமும் உண்டு. சாலொமோன் செய்து வைத்த பொன் கேடகங்களை எகிப்தின் ராஜா சீஷாக் வாரிக்கொண்டு போனதும், சாலொமோனின் மகன் ரெகொபெயாம் வெண்கலக் கேடகங்களைச் செய்து, அதே மரியாதையோடு சேவகர் ஏந்தி வரச் செய்தார் (1 இராஜாக்கள் 14:25-28). ராஜ்யம் தேய்ந்த கதையை வேறு எந்த வார்த்தையும் இல்லாமல் உலோகம் சொல்லிவிடுகிறது. மறுபக்கம் தானியேல் 10:6-இலும் வெளிப்படுத்தல் 1:15-இலும் பரலோகத்திலிருந்து வருகிறவரின் பாதங்கள் துலக்கிய வெண்கலம்போல் ஒளிர்கின்றன. அங்கே அது ஒளி, உறுதி. நியாயத்தீர்ப்பு என்று வாசிப்பவர்களைத் தவறு என்று சொல்ல மாட்டேன், அப்படித்தான் வாசிக்க வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன்.

இரும்பு தனிக் கதை. கூடாரத்துக்கான காணிக்கைப் பட்டியலில் பொன், வெள்ளி, வெண்கலம் உண்டு, இரும்பு இல்லை. உபாகமம் 27:5 பலிபீடத்துக் கற்களில் இரும்பு படக் கூடாது என்கிறது. சாலொமோன் ஆலயத்தைக் கட்டியபோது சுத்தியலோ, வாச்சியோ, எந்த இரும்பு ஆயுதமோ ஒலிக்கவில்லை (1 இராஜாக்கள் 6:7). இதற்குப் பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தரும் காரணத்தை நான் முழு மனதோடு ஏற்கிறேன்: மனிதனின் நாட்களைக் குறைக்க உண்டானது இரும்பு, நாட்களை நீட்டிக்க உண்டானது பலிபீடம், குறைப்பதை நீட்டிப்பதன்மேல் ஓங்குவது முறையல்ல. இன்றும் பல யூத வீடுகளில் சாப்பாட்டுக்குப் பிறகு நன்றி ஜெபம் சொல்லும் முன் மேசையிலிருந்து கத்தியை எடுத்துவிடுவார்கள் அல்லது மூடிவைப்பார்கள், ஏனென்றால் ஆலயம் இல்லாத காலத்தில் வீட்டு மேசையே பலிபீடம். இரும்பு என்றால் வல்லமை என்ற வரி இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. வேதத்தில் இரும்பு வரும்போது அது யாருடைய வல்லமை என்று பாருங்கள். கானானியரின் இரும்பு ரதங்கள், கோலியாத்தின் 600 சேக்கல் எடையுள்ள ஈட்டிமுனை, எகிப்து என்னும் இருப்புக்காளவாய், எரேமியா 28-இல் மர நுகத்துக்குப் பதிலாக வரும் இரும்பு நுகம். பெரும்பாலும் இஸ்ரவேலை நசுக்குகிறவர்களின் கையில்தான் அது இருக்கிறது. 1 சாமுவேல் 13-இல் இஸ்ரவேலில் ஒரு கொல்லன்கூட இல்லாமல், கலப்பைக் கொழுவைத் தீட்ட பெலிஸ்தரிடம் போய் நின்றார்கள். ஆனால் இங்கேயும் விதிவிலக்கு உண்டு. எரிகோவில் கிடைத்த இரும்புப் பாத்திரங்கள் கர்த்தருக்குப் பரிசுத்தமானவை என்று பொக்கிஷத்தில் சேர்ந்தன (யோசுவா 6:19). ஆலயக் கதவுகளின் ஆணிகளுக்குத் தாவீது ஏராளமான இரும்பைச் சேர்த்து வைத்ததாக 1 நாளாகமம் 22:3 சொல்கிறது. ஆகவே இரும்பு அசுத்தம் என்றும் எழுதிவைக்க முடியாது. பலிபீடத்தின் மேல் ஓங்கக் கூடாது, அவ்வளவே.

என் வேலைக்கு மிக நெருக்கமான இடம் புடமிடும் வசனங்கள். “வெள்ளியைக் குகையும், பொன்னைப் புடமும் சோதிக்கும், இருதயங்களைச் சோதிக்கிறவரோ கர்த்தர்” என்ற நீதிமொழிகள் 17:3 பலருக்கும் மனப்பாடம். இங்கே குகை என்பது உலோகம் உருக்கும் பாத்திரம். வெள்ளியைச் சுத்திகரிக்கப் பழங்காலத்தில் கையாண்ட முறையை இன்றும் ஆய்வகத்தில் சிறிய அளவில் செய்கிறோம். எலும்புச் சாம்பலால் செய்த சிறு கிண்ணத்தில் கலப்பு வெள்ளியையும் காரீயத்தையும் சேர்த்து உலையில் வைக்க வேண்டும். காற்றுப் படப்பட ஈயம் சாம்பல் நிலைக்கு மாறும். மாறும்போது செம்பு முதலான மட்ட உலோகங்களையும் தன்னோடு சேர்த்துக்கொண்டு கிண்ணத்துக்குள் ஊறி இறங்கிவிடும். கடைசி நிமிடத்தில் உருகிய மணியின் மேல் வானவில் நிறங்களில் மெல்லிய படலம் ஓடும். அது கிழிந்ததும் மணி பளிச்சென்று ஒரு தடவை மின்னும். முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். செம்பு அதிகமாக இருந்து ஈயம் போதாமல் போனால் மின்னல் வராது. மங்கிய கட்டியாக நின்றுவிடும். இதைத் தெரிந்துகொண்டு எரேமியா 6:29-30 படியுங்கள். துருத்தி வெந்தது, ஈயம் நெருப்பில் தீர்ந்துபோனது, புடமிட்டவனின் உழைப்பு வீண், தள்ளுபடியான வெள்ளி என்று அவர்களுக்குப் பெயர் வரும் என்கிறார். சாதாரண வாசகருக்கு இது பொதுவான ஒரு கண்டனம்போலத் தெரியும். தொழில் தெரிந்தவனுக்கு ஒவ்வொரு சொல்லும் உலைக்களத்துச் சொல்: செய்ய வேண்டியதெல்லாம் செய்தாகிவிட்டது, கலப்பு பிரியவில்லை. தீர்க்கதரிசி பட்டறையில் நின்று பார்த்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. எசேக்கியேல் 22:18-22-இல் இஸ்ரவேல் வீட்டார் வெள்ளியின் களிம்பாகிவிட்டார்கள், உலைக்குள் பித்தளையும் தகரமும் இரும்பும் ஈயமுமாய்க் கிடக்கிறார்கள் என்று வருவதும் இதே உலைதான். ஆனால் மல்கியா 3:3-இல் வேலை வெற்றியாக முடிகிறது. புடமிடுகிறவர் உட்கார்ந்துகொண்டு லேவியின் புத்திரரைச் சுத்திகரிக்கிறார்.

இந்த மல்கியா வசனத்துக்குப் பிரசங்கங்களில் ஒரு கதை சொல்வார்கள். தட்டான் தன் முகம் வெள்ளியில் தெரிகிறவரை உலை முன்னால் உட்கார்ந்திருப்பானாம், கடவுளும் தம் சாயல் நம்மில் தெரிகிறவரை காத்திருக்கிறாராம். உருக்கமான கதை, ஆனால் மல்கியாவில் முகம் தெரிவது பற்றி ஒரு சொல்லும் இல்லை. உலைக்கு முன் உட்கார்ந்து கண் எடுக்காமல் பார்க்க வேண்டும் என்பது உண்மை, ஏனென்றால் அந்த மின்னல் ஒரு நொடிதான். பார்க்கிறவன் தேடுவது அந்த மின்னலை, தன் முகத்தை அல்ல.

உங்கள் அட்டவணை எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்திருப்பது நல்லது. கூடாரத்தை இப்படிப் பொருள் பிரித்து வாசிப்பது 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலம் பேசும் சுவிசேஷ சபைகளில், முக்கியமாகச் சகோதர சபையார் நடுவில், பரவலானது. 1909-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஸ்கோஃபீல்ட் குறிப்பு வேதாகமம் பொன் தெய்வத்தன்மை, வெள்ளி மீட்பு, வெண்கலம் நியாயத்தீர்ப்பு என்று அடிக்குறிப்பிலேயே அச்சிட்டது. ஆக இது ஒரு மரபின் வாசிப்பு, மதிக்கத்தக்கது, ஆனால் சுமார் 150 வருடத்துப் பழமை உள்ளது. உலோகங்களுக்கு உண்மையிலேயே நிலையான பட்டியல் வைத்திருந்த பழங்கால மதங்களும் இருந்தன. ரோமப் பேரரசில் பரவியிருந்த மித்ரா வழிபாட்டில் ஏழு வாசல் கொண்ட ஏணி உண்டு, ஈயம் சனிக்கு, வெள்ளி சந்திரனுக்கு, பொன் சூரியனுக்கு என்று ஒவ்வொரு வாசலும் ஓர் உலோகம் என்று கிறிஸ்தவத்தை எதிர்த்த கெல்சு எழுதியதை, அவருக்குப் பதில் எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஒரிகன் எடுத்துக் காட்டுகிறார். வேதத்தில் இதற்கு இணையாக ஒன்றுமே இல்லை. எண்ணாகமம் 31:22 பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு, தகரம், ஈயம் என்று ஆறு உலோகங்களை வரிசையாகச் சொல்கிறது. ஆனால் அங்கே பேச்சு கொள்ளையில் வந்த பாத்திரங்களை நெருப்பில் இட்டுச் சுத்திகரிப்பதைப் பற்றி. யூதச் சமையலறைகளில் பாத்திரச் சுத்த விதிகளுக்கு அந்த வசனம் இன்றும் அடிப்படை.

யூதர்களும் உங்கள் அட்டவணைபோல வாசிக்கிறார்களா என்றால், இல்லை. அவர்களிடம் வேறு வாசிப்புகள் உண்டு. ஷெமோத் ரப்பா என்ற மித்ராஷ் (பழைய யூத வேத விளக்கம்) தொகுப்பில் கூடாரத்தின் பொன் பாபிலோன், வெள்ளி மேதியா, வெண்கலம் கிரேக்கு. இரும்பு ஏன் பட்டியலில் இல்லை என்றால் அது ஆலயத்தை இடித்த ஏதோம், அதாவது ரோம். உங்கள் வகுப்பில் தெய்வத்தன்மையாக இருக்கும் அதே பொன் இங்கே பாபிலோன். இது கூடாரத்தைத் தானியேல் 2-இன் கண்ணாடி வழியே பார்க்கும் வாசிப்பு, ஆகவே உங்கள் மூன்றாவது கேள்விக்கு நேராகக் கொண்டுபோகிறது.

பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் கனவில் கண்ட சிலைக்குத் தலை பொன், மார்பும் கைகளும் வெள்ளி, வயிறும் தொடையும் வெண்கலம், கால்கள் இரும்பு, பாதங்கள் இரும்பும் களிமண்ணும். இங்கே வேதமே உலோகங்களுக்குப் பொருள் சொல்கிறது, அவை ராஜ்யங்கள். பொன் தலை நேபுகாத்நேச்சார்தான் என்று 2:38 நேராகவே கூறுகிறது. மீட்பு, நியாயத்தீர்ப்பு என்ற பேச்சே இல்லை. கீழே போகப்போக விலை குறைகிறது, இரும்பு வரும்போது நொறுக்கும் பலம் கூடுகிறது. 2:40-இல் நான்காம் ராஜ்யம் எல்லாவற்றையும் உடைக்கிறது. இதற்கு நெடுங்காலம் முன்பே கிரேக்கக் கவிஞர் ஹெசியட் பொன், வெள்ளி, வெண்கலம், இரும்பு என்று மனித குலத்தின் காலங்களை வரிசைப்படுத்தியிருக்கிறார். ஆகவே உலோகங்களால் காலத்தை அளப்பது அந்தப் பழைய உலகில் பரவியிருந்த சிந்தனை, யார் யாரிடம் எடுத்தார்கள் என்பது முடிவாகாத விவாதம். மற்ற மூன்று ராஜ்யங்கள் எவை என்பதிலும் ஒருமித்த கருத்து கிடையாது. பாபிலோன், மேதிய பெர்சியா, கிரேக்கு, ரோம் என்பது யூதர்களிடமும் கிறிஸ்தவர்களிடமும் பழைய வாசிப்பு, வேதத்தை லத்தீனில் மொழிபெயர்த்த ஜெரோம் அதைத் தீவிரமாக ஆதரித்தார். பாபிலோன், மேதியா, பெர்சியா, கிரேக்கு என்பது இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் வாசிப்பு. 2:43-இல் இரும்பும் களிமண்ணும் கலப்பது மனித வித்தினால் கலப்பது, அதாவது திருமண சம்பந்தம் என்பதால், அலெக்சாந்தருக்குப் பின் எகிப்தையும் சீரியாவையும் ஆண்ட வம்சங்களுக்கிடையே நடந்த அரச திருமணங்களை அவர்கள் சுட்டுகிறார்கள். எனக்கு இந்த இரண்டாவது வாசிப்பு அந்த வசனத்தோடு நன்றாகப் பொருந்துவதாகத் தெரிகிறது, என்றாலும் முதலாவதை வைத்திருப்பவர்களிடமும் கனமான வாதங்கள் உண்டு. பாதத்தின் பத்து விரல்களுக்கு இன்றைய ஐரோப்பிய நாடுகளின் பெயரை எழுதுவதற்கு மட்டும் அந்த அதிகாரத்தில் ஆதாரம் கிடையாது. விரல்கள் பத்து என்றுகூட அது எண்ணிச் சொல்லவில்லை. கனவின் முடிவில் சிலையை நொறுக்கிய கல்லைப் பற்றி, ரோமரின் ஆதரவில் வாழ்ந்த யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ், நடந்தவற்றை எழுதுவதே தன் வேலை, நடக்கப்போவதை எழுதுவது அல்ல என்று சொல்லி விளக்காமலே விட்டுவிட்டார். வகுப்பில் இந்தப் பேச்சு வந்தால் 2:31 முதல் 45 வரை ஒரே மூச்சில் சத்தமாக வாசிக்கச் சொல்லிவிட்டு, அட்டவணையின் நான்கு வரிகளில் எது அங்கே பொருந்துகிறது என்று ஆசிரியரிடமே கேளுங்கள்.